எட்டாத உறவு

திருச்சியிலிருந்து துறையூர் பஸ் பிடித்து, மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவிடாதீர்கள். கோயிலுக்கு வெளியே, பக்கத்திலேயே ஒரு கிணறு இருக்கிறது. நாலு பக்கமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு திருப்பம் திரும்பி, மேலிருந்து பார்த்தால் அப்படியே ஸ்வஸ்திகா வடிவம். ஒரு துறையில் குளிக்கிறவரை அடுத்த துறையில் நிற்பவர் பார்க்க முடியாது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தவர், ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன். கி.பி. 800 வாக்கில். கல்வெட்டு கிணற்றின் பெயரையும் சொல்கிறது: மார்ப்பிடுகு பெருங்கிணறு.

மார்ப்பிடுகு என்பது மன்னனின் பட்டப்பெயர். பிடுகு என்றால்? உங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற குடும்பம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘இடி’ என்று உடனே சொல்வார்கள். மகேந்திரவர்மனுக்குக்கூட ‘பகாப்பிடுகு’ என்று ஒரு பட்டம் உண்டு. தமிழ்க் கல்வெட்டில் இடியாக இறங்குகிறது தெலுங்குச் சொல்!

சரி, ஸ்வஸ்திகா? அது சமஸ்கிருதம். சு என்றால் நல்லது, அஸ்தி என்றால் இருக்கிறது. இந்த ‘அஸ்தி’ பாரசீகத்தில் ‘அஸ்த்’. ஹாலந்துக்காரர் பேசும் டச்சில் ‘இஸ்’. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆக, இந்த ஒரே கிணற்றில் இரண்டு பெரிய மொழிக் குடும்பங்கள் தண்ணீர் குடித்திருக்கின்றன.

டச்சு வடகடல் ஓரத்து மொழி. குர்து மொழியோ துருக்கி, ஈரான், இராக், சிரியா என நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கும் மலை மக்களின் மொழி. ஒருவர் பேசினால் மற்றவருக்கு ஒரு வரி புரியாது. ஆனால் சில சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புதிது என்பதற்கு டச்சில் நியூ, குர்தில் நூ. நட்சத்திரம்: ஸ்டெர், ஸ்தேர். பெயர்: நாம், நாவ். அட, ஒரே மாதிரி இருக்கிறதே!

அவசரப்படாதீர்கள். ஒரே மாதிரி இருப்பது உறவுக்கு சாட்சியே இல்லை. நம் ஊர் ‘எட்டு’ இங்கிலீஷ் ‘எய்ட்’ மாதிரியே இருக்கிறது, எனவே அது தமிழிலிருந்து போனது என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் எண்பது, எண்திசை என்கிறோமே, அங்கே இருக்கிற ‘எண்’தான் எட்டின் வேர். கன்னடத்தில் அது ‘எண்ட்டு’. அந்தப் பக்கம் டச்சு ‘அக்த்’, குர்து ‘ஹெஷ்த்’, சமஸ்கிருத ‘அஷ்ட’ எல்லாம் வேறு குடும்பம். இது தற்செயல், அவ்வளவுதான்.

இன்னொரு ஏமாற்று, கடன். கக்கூஸ் டச்சுச் சொல். துட்டும் அப்படியே, ‘டொய்ட்’ என்ற டச்சுக் காசிலிருந்து வந்தது. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக்காரர் கையில் இருந்ததே! இலங்கைத் தமிழர் அலுவலகத்தை ‘கந்தோர்’ என்பதும் அவர்கள் விட்டுப்போனதுதான். வியாபாரம் படித்தவனாகச் சொல்கிறேன்: கடன் வாங்கியதைச் சொத்துக் கணக்கில் எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார்.

அப்படியானால் உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலி மாறுவதில் ஒழுங்கு வேண்டும். குர்தில் ஐந்து ‘பேஞ்ச்’, டச்சில் ‘வெய்ஃப்’. கால் ‘பே’, அங்கே ‘வூட்’. நிறைய என்பது ‘பிர்’, அங்கே நிறைந்தது ‘வோல்’. குர்தில் ப வருகிற இடத்தில் டச்சில் வ வருவது கவனியுங்கள். ஒரு தடவை என்றால் தற்செயல், வரிசையாக வந்தால் வம்சாவளி. நம் வீட்டிலேயே இருக்கிறதே: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே அதே மாதிரி கணக்கு.

டச்சையும் பாரசீகத்தையும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று 1647-லேயே எழுதியவர் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பாக்ஸ்ஹோர்ன். வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசிப் பெயர் வாங்கியது 1786-ல். நம் பக்கமும் இதே கதை. தென்மொழிகள் சமஸ்கிருதத்தின் கிளைகள் அல்ல என்று 1816-ல் ஆதாரத்தோடு எழுதியவர் சென்னை கலெக்டர் எல்லிஸ். பெயர் போனது 1856-ல் புத்தகம் போட்ட கால்டுவெல்லுக்கு.

இதெல்லாம் பண்டிதர் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். துருக்கியில் குர்துகளை ‘மலைத் துருக்கியர்’ என்றே அரசு வெகுகாலம் சொல்லி வந்தது. 1983-ல் 2932 என்ற எண்ணுள்ள சட்டம் போட்டு அவர்கள் மொழிக்குத் தடை விதித்தார்கள். 1991-ல்தான் எடுத்தார்கள். ஆனால் துருக்கியில் எட்டு ‘செகிஸ்’, நட்சத்திரம் ‘யில்டிஸ்’. குர்து ஸ்தேர் ஆம்ஸ்டர்டாமுக்குச் சொந்தமே தவிர அங்காராவுக்கு இல்லை! டச்சுக்கு ஒரு ராஜ்யம் இருந்தது, இலக்கணப் புத்தகமும் பள்ளிக்கூடமும் கிடைத்தன. குர்துக்கு இராக்கின் 2005-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில்தான் அரபியோடு சம அந்தஸ்து கிடைத்தது.

நமக்கும் அப்படி ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. பாகிஸ்தானின் பலூசிஸ்தானில், கலாத், குவெட்டா பக்கம் பேசப்படும் பிராகுயி. அதைத் தென்மொழிகளோடு சேர்த்துச் சொன்னவர் ஜெர்மன் அறிஞர் லாசன், 1844-ல். சுற்றிலும் பலூச்சி, அது குர்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. பிராகுயியின் சொற்களில் பெரும்பகுதி இப்போது கடன்தான். ஆனால் அடியில் கை வைத்துப் பாருங்கள்: நீ என்பது நீ. கண் ‘ஃகன்’, கல் ‘ஃகல்’, வாய் ‘பா’. நம் க அங்கே தொண்டையில் உரசி வருகிறது, இரண்டு முறையும் ஒரே மாதிரி. அவர்கள் ஆதியிலிருந்தே அங்கே இருந்தவர்களா, தெற்கிலிருந்து போனவர்களா என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

யுனெஸ்கோ அதை ஆபத்துக்குள்ளாகும் மொழிகள் பட்டியலில் வைத்திருக்கிறது. பிராகுயி பேசும் பலர் பலூச்சியும் பேசுகிறார்கள், பேச வேண்டியிருக்கிறது. எண்ணச் சொன்னால் அசிட், இரட், முசிட் என்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு முதல் எண்ணுவதெல்லாம் பலூச்சியிலும் பாரசீகத்திலும் இருப்பதைப் போன்ற எண்கள்தான்.