கேட்காமல் வாசிக்கப்பட்ட பெயர்: ஆலயத் தொண்டர்களை அழைப்பதும் வழிநடத்துவதும்

நான் மறைக்கல்வி ஆசிரியராகிவிட்டேன் என்பது, பூசை முடிந்து அறிவித்தல் வாசித்தபோதுதான் எனக்கே தெரியவந்தது. வன்னியில் நாங்கள் மீள்குடியேறி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆலயத்துக்குக் கூரை போட்டிருந்தார்கள், கதவு இன்னும் போடவில்லை. ஒலிபெருக்கியில் ஆறு பெயர்கள் வாசிக்கப்பட்டன. அதில் என்னுடையதும் ஒன்று. யாரும் என்னைக் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது மறுக்கவும் முடியவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு சிறுமி கேட்டாள்: "நல்லாச் செபிச்சா அப்பா திரும்பி வருவாரா?" அவளுடைய தகப்பன் 2009க்குப் பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தோல்விதான். வடக்கு, கிழக்கில் எந்தத் திருச்சபையை எடுத்தாலும் சம்பளம் வாங்குபவர் ஒருவரோ இருவரோதான். மறைக்கல்வி, ஞாயிறு பாடசாலை, பாடகர் குழாம், பீடப்பணி, நோயாளர் சந்திப்பு, திருவிழா வேலை என்று மற்ற எல்லாவற்றையும் தொண்டர்களே சுமக்கிறார்கள். அவர்களை எப்படி அழைக்கிறோம், எப்படி வைத்திருக்கிறோம் என்பது சின்ன விடயம் அல்ல.

பழைய வழக்கம்

பொதுநிலையினரின் தொண்டு எங்களுக்குப் புதிதல்ல. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் வீழ்ந்த பின் கத்தோலிக்கக் குருக்கள் தடைசெய்யப்பட்டனர். 1687இல் கோவாவிலிருந்து இரகசியமாக வந்த யோசேப்பு வாஸ் பல வருடங்கள் தனியொரு குருவாகவே இத்தீவில் பணியாற்றினார். ஓர் ஊருக்கு அவர் மீண்டும் வர மாதக்கணக்காகும். இடையில் ஆலயத்தைப் பார்த்துக்கொண்டவர் மூப்பர். செபம் சொல்லிக்கொடுத்தவர் அண்ணாவி. இருவரும் ஊர்க்காரர்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயர் தெரியாத அந்த அண்ணாவிமாருக்கும் அதில் பங்கிருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆட்சேர்ப்பு என்ற சொல்

வேறு நாடுகளில் எழுதப்பட்ட தலைமைத்துவக் கையேடுகள் தொண்டர் ஆட்சேர்ப்பு பற்றி உற்சாகமாகப் பேசும. வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டால் தாய்மாரின் முகம் மாறும். வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகள் கொண்டுபோகப்பட்ட காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். மறுக்க முடியாத அழைப்பு என்னவென்று இந்தச் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே எங்கள் ஆலயங்களில் முதல் விதி இதுவாக இருக்கவேண்டும்: இல்லை என்று சொல்வதற்கு இடம் இருக்கவேண்டும். பெயரைச் சபையில் வாசிப்பதற்கு முன் அந்த ஆளின் வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும். என்ன வேலை, வாரத்தில் எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காலம், யார் துணை என்ற நான்கையும் சொல்லவேண்டும். "ஒரு வருடம், இரண்டாம் வகுப்பு, உங்களோடு இன்னொருவர் இருப்பார்" என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லலாம். "வந்து உதவி செய்யுங்கோ" என்றால் வருபவரும் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார்.

பயணப்படியும் நன்றியும்

2004 சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் தொண்டு நிறுவனங்கள் வந்தன. பயிற்சிக்குப் போனால் பயணப்படி, மதியச் சாப்பாடு. அந்த நேரம் அது தேவையாகவே இருந்தது. ஆனால் நிறுவனங்கள் போன பின், "ஒன்றும் தராமல் யார் வருவார்கள்?" என்ற கேள்வி மிஞ்சியது.

இளையோரைக் குறைசொல்வது சுலபம். நாட்கூலிக்குப் போகும் இளைஞனுக்கு ஒரு சனிக்கிழமை என்பது ஒரு நாள் சம்பளம். கடன் கட்டும் பெண்ணுக்கு பஸ் காசும் கணக்குத்தான். தொண்டுக்குக் கூலி வேண்டாம். ஆனால் தொண்டு செய்பவர் கைக்காசு இழக்கக் கூடாது. பஸ் காசு, தொலைபேசிச் செலவு, வகுப்புக்கான கடதாசி ஆகியவற்றை ஆலயக் கணக்கில் வெளிப்படையாகப் போடலாம். மரியாதை கெடாது.

நன்றியும் அப்படித்தான். திருவிழா மேடையில் பொன்னாடை பெரும்பாலும் நன்கொடையாளருக்கே போகிறது. முதல் நாள் இரவு முழுக்கப் பாத்திரம் கழுவிய பெண்களின் பெயரை யாரும் வாசிப்பதில்லை.

சுமையைப் பகிர்தல்

விவிலியத்தில் இதற்கு இரண்டு தெளிவான கதைகள் உண்டு. விடுதலைப் பயணம் 18ஆம் அதிகாரத்தில், காலை முதல் மாலை வரை தனியே வழக்குத் தீர்க்கும் மோசேயைப் பார்த்து அவரது மாமனார் கவலைப்படுகிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை நியமிக்கச் சொல்கிறார். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில், உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுகிறது. திருத்தூதர்கள் சபையைக் கூட்டுகிறார்கள். ஏழு பேரைத் தெரிவுசெய்வது மக்களே.

எங்கள் நிருவாகங்களில் அதே குடும்பங்கள், அதே கைகள் பல வருடமாக இருப்பதற்குச் சாதியும் வசதியும் காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. பதவிக்கு இரண்டு வருட வரையறை வைத்து, ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பழக்கிவிட்டு விலகினால் புதியவர்களுக்கு இடம் கிடைக்கும்.

பிள்ளைகளோடு பணியாற்றுபவர்கள் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வகுப்பில் எப்போதும் இரு பெரியவர்கள் இருக்கவேண்டும், கதவு திறந்திருக்கவேண்டும், முறைப்பாடு சொல்ல ஓர் ஆள் இருக்கவேண்டும். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் கொல்லப்பட்டவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோர் பிள்ளையை ஆலயத்துக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை அதன் பிறகு யாரும் மறக்க முடியாது.

தொண்டரையும் யாராவது கேட்கவேண்டும்

இங்கே தொண்டர்களும் போரில் இழந்தவர்கள். செத்தவீட்டில் ஆறுதல் சொல்லப் போகும் பெண், தன் மகனின் படத்தோடு வாழ்கிறாள். மே மாதம் வந்தால் சிலரால் பாட முடியாது. அந்த மாதம் அவர்களுக்கு ஓய்வு கொடுப்பதும் தலைமைத்துவம்தான். மாதம் ஒருமுறை தொண்டர்களைக் கூட்டி, வேலைப் பட்டியலை எடுக்காமல், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்கலாம். வராமல் விட்டவரின் வீட்டுக்கு ஒருவர் போகலாம், திருப்பி அழைப்பதற்காக அல்ல.

அன்று அந்தச் சிறுமிக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் "இப்படிக் கேட்டாள், என்ன செய்வது?" என்று போய்ச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், அடுத்த ஞாயிறும் நான் போயிருப்பேன். அவளோடு சேர்ந்து அந்தக் கேள்வியை வைத்திருந்திருப்பேன்.