ஒரு மிடறு கண்டித் தேநீர்

ஸ்பெயின் நாட்டின் கிரேதோஸ் மலைச்சரிவுகளில் முதிய திராட்சைக் கொடிகள் உள்ளன. அவற்றின் கனியிலிருந்து வடித்த செந்நிற வைனைச் சுவைப்போர், மலையின் உயரத்தையும் கொடியின் வயதையும் நாவில் தேடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் அதற்கு இணையான கலையொன்றைக் கண்டிக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கண்டேன்.

வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். தேயிலைச் சுவைஞர் சாயத்தைக் கரண்டியில் அள்ளி, ஓசையெழ உறிஞ்சி, நாவில் சுழற்றி உமிழ்ந்தார். "நீங்களும் பாருங்கள், ஐயா" என்றார். ஆழ்ந்த செம்மை, நாவில் நின்ற கனம். 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடைப்பட்ட நிலத்தின் குணம் அது என்றார். அதற்கு மேலே, நுவரெலியாவின் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும். சாயம் வெளிறும், மணம் ஓங்கும்.

இந்தச் சுவைக்கு ஒரு பேரழிவின் பின்னணி உண்டு. கண்டி மலைகள் முதலில் கோப்பித் தோட்டங்களாகவே இருந்தன. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அவற்றை அழித்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை ஒரு சிறு பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வீழ்ந்தபோது அதுவே வழிகாட்டியது. 1892இல் மறைந்த அவருடைய கல்லறை கண்டி மஹையாவயில் இருக்கிறது. தேயிலையின் முன்னோடி என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

கோப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். வழியில் கொள்ளைநோய்க்கு இரையானோர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. எஞ்சியோரின் வழிவந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

சுவைஞர் அந்தக் கோப்பையில் உயரத்தைச் சொன்னார், மழையைச் சொன்னார், இலை வாடிய பக்குவத்தையும் சொன்னார். கொழுந்து கிள்ளிய விரல்களைச் சொல்ல அவரிடம் சொல் இல்லை. அவரை மட்டும் குறைகூற மாட்டேன். கொழும்புத் தேயிலை ஏலத்தின் விலைகளை எத்தனையோ முறை செய்தியாக எழுதியவன் நான். பறித்தவர் ஒருவரின் பெயரைக்கூட அவற்றில் எழுதியதில்லை.

அந்த மிடற்றை நான் உமிழவில்லை, விழுங்கினேன்.