நஞ்சு, இளங்கொடி, மறுபிள்ள: மூன்று பெயர்களின் வரலாறு

கன்று ஈன்ற பசு பின்னர் வெளித்தள்ளும் கொடியைத் தமிழ் 'நஞ்சுக்கொடி' என்றும் 'இளங்கொடி' என்றும் வழங்குகிறது. மலையாளம் 'மறுபிள்ள' என்கிறது. இருமொழியும் புழங்கும் கரமனையில் இப்பெயர்களை ஒருங்கே வைத்து நோக்கலாம். ஒன்று விடத்தையும், மற்றொன்று இன்னொரு பிள்ளையையும் சுட்டுகிறது.

தமிழ்நாட்டு ஊர்களில் இக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுவர். பாலுள்ள மரத்தில் கட்டினால் மடியில் பால் பெருகும் என்பது நம்பிக்கை.

1897இல் டென்மார்க்கின் பெர்னார்டு பேங், பசுக்களின் தொற்றுக் கருச்சிதைவுக்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டறிந்தார். பின்னர் புரூசெல்லா எனப் பெயர்பெற்ற அக்கிருமி நஞ்சுக்கொடியில் செழிக்க அங்குள்ள எரித்ரிடால் துணைபுரிவதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1962இல் காட்டினர். கொடி பிரிவதிலும் நோயெதிர்ப்பாற்றலுக்குப் பங்குண்டு. ஈற்றுக்காலத்தில் வெள்ளணுக்களின் செயல் தளர்ந்தால் கொடி தங்கிவிடும். கருப்பையில் கிருமிகள் பெருகி அழற்சி உண்டாகும்.

'நஞ்சு' என்ற பெயரைக் கொண்டு முன்னோர் கிருமியை அறிந்திருந்தனர் எனல் பொருந்தாது. அப்பெயரிட்ட சமூகமே கொடியை வெறுங்கையால் எடுத்தது. கைக்காயத்தின் வழியே புரூசெல்லா மனிதரையும் தொற்றும். சொல் எச்சரித்தது; வழக்கம் கையைக் காக்கவில்லை.

2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி இடுகிறது. கையுறை அணிந்து கொடியை ஆழப் புதைப்பதே இன்று நஞ்சு என்னும் சொல்லுக்கு நாம் தரும் சரியான உரை.