பெயர் எழுதாத இருக்கை

வரிசை என்பது மனிதர் கண்ட எளிய நீதிகளுள் ஒன்று. முந்தி வந்தவர் முந்திப் பெறுவார் என்பதே அதன் சட்டம். ஆயின், முந்தி வந்தவர் பிந்தி வருபவருக்காகவும் இடம் பிடித்து வைக்கலாமா? இச்சிறு வினா அமெரிக்க நாட்டின் விமான நிறுவனம் ஒன்றில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீர்ப்பின்றி நின்றது. அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1971 ஜூன் 18 அன்று சவுத்வெஸ்ட் நிறுவனம் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அந்தோனியோ நகரங்களை இணைத்துப் பறக்கத் தொடங்கியது. பயணிக்கு இருக்கை எண் தரப்படவில்லை. உள்ளே வந்தவர் காலியான இடத்தில் அமரலாம். மறு ஆண்டே பண நெருக்கடியால் நான்கு விமானங்களுள் ஒன்றை விற்க நேர்ந்தது. பயணங்களைக் குறைக்க மனமின்றி, எஞ்சிய மூன்றைக் கொண்டே நான்கின் வேலையையும் செய்ய அந்நிறுவனம் முற்பட்டது. அதற்கு, தரையிறங்கிய விமானம் பத்தே நிமிடங்களில் மீண்டும் புறப்பட வேண்டியிருந்தது. எண் தேடித் தயங்காமல் மக்கள் கிடைத்த இடத்தில் அமர்வது அந்த விரைவுக்குத் துணையாயிற்று. வழக்கம் நாளடைவில் நிறுவனத்தின் அடையாளமாகவே ஆனது.

அவ்விமானங்களில் ஒரு வரிசைக்கு ஆறு இருக்கைகள். அவற்றுள் எவரும் விரும்பாத நடு இருக்கைகள் இரண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 1990-களில் சராசரியாக நூறு இருக்கைகளுக்கு 60 முதல் 70 வரையே நிரம்பின. எனவே, பின்னால் வரும் மனைவிக்காகக் கணவர் பக்கத்து இருக்கையில் மேலங்கியை வைத்தாலும் பிறருக்குப் பெரும் இழப்பில்லை. 2010-களின் நடுவில் அந்த எண்ணிக்கை 80-ஐத் தாண்டிவிட்டது. அதன்பின், பிடித்து வைத்த ஒவ்வோர் இருக்கையும் வேறொருவரை நடுவில் நெருங்கி அமரச் செய்வதாயிற்று. மேலங்கி அதே மேலங்கிதான். அதன் விலை ஏறிவிட்டது.

இன்னொரு மாற்றமும் இதனோடு சேர்ந்தது. தொடக்க காலத்தில், வந்த ஒழுங்கில் எண்ணிட்ட பிளாஸ்டிக் அட்டைகளை வழங்கிப் பயணிகளை ஏற்றினார்கள். 2007 நவம்பரில் ஏ, பி, சி என்ற பிரிவுகளுக்குள் தனித்தனி எண்கள் வந்தன. முதற்பதினைந்து எண்கள் கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு உறுதி செய்யப்பட்டன. 2009-இல் பத்து டாலர் கொடுத்தால் முந்திய எண் பெறும் வாய்ப்பு பிறருக்கும் கிட்டியது. இவ்வாறு, முந்தி வருவதன் பயனாயிருந்த ஒன்று விற்பனைப் பொருளாயிற்று.

பிணக்கின் வேர் இங்கேதான் இருப்பதாக நாம் கருதுகிறோம். ஒருவர் மட்டும் பணம் செலுத்தி உள்ளே சென்று, குடும்பத்தார் மூவருக்கும் இடம் பிடிக்கிறார். அவரை அடுத்து வருபவர், தாமும் பணம் செலுத்தியவர், சன்னலோர இருக்கையைக் கைப்பை காத்து நிற்பதைக் காண்கிறார். 'நாங்கள் ஒரே குடும்பம்' என்பது ஒருவர் நியாயம். 'நான் காசு கொடுத்தேன்' என்பது மற்றவர் நியாயம். இரண்டையும் பொய்யென்று தள்ள இயலுமோ? இடம் பிடிக்கலாம் என்றோ கூடாது என்றோ நிறுவனம் விதி வகுக்கவில்லை. தீர்த்து வைக்கும் சுமை பணிப்பெண்கள் மீதும், வாய் திறந்து கேட்கும் துணிவு மீதும் விழுந்தது. ஆறு வயது வரையிலான பிள்ளைகளோடு வந்தோர் ஏ பிரிவுக்கு அடுத்து ஏற முடிந்தது. பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டால், சி பிரிவு எண்ணோடு வந்த தாய், முன்பின் அறியாதவரிடம் 'சற்று இடம் மாறுவீர்களா' என்று இரந்து நிற்க வேண்டியிருந்தது. விதியின்மை வலியவருக்கு உரிமையாகவும் கூச்சமுள்ளவருக்குத் தண்டனையாகவும் மாறிய இடம் அது.

2024 ஜூலையில், தன் பயணிகளுள் நூற்றுக்கு 80 பேர் குறித்த இருக்கையையே விரும்புவதாக நிறுவனம் அறிவித்தது. 2026 ஜனவரி 27 அன்று பழைய முறை முடிவுற்றது. இருக்கைச் சண்டையும் அதனோடு ஓய்ந்தது எனலாம்.

ஆனால் தலைக்கு மேலுள்ள பெட்டித்தட்டுக்கு எண் இல்லை. 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதற்பெட்டிக்கே 15 டாலர் விதித்தது. பிற பெரும் நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. மக்கள் பெட்டிகளைக் கையோடு உள்ளே கொண்டுவரலாயினர். இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றிவந்த சவுத்வெஸ்ட்டும் 2025 மே 28 முதல் பெரும்பாலான பயணிகளிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பின்வரிசையில் அமர்பவர் முன்வரிசைத் தட்டில் பெட்டியை வைத்துப் போவதும், மடித்த மேலங்கி ஒரு பெட்டியின் இடத்தை அடைத்துக்கொள்வதும் விமானப் பயணத்தில் புதியவை அல்ல.

எல்லாவற்றுக்கும் விதி எழுதி முடியாது. எழுதாத இடங்களில் நாம் எப்படி நடக்கிறோம் என்பதே கேள்வி. பின்னால் வருபவரின் முகம் நமக்குத் தெரியாது. அவர் கையில் ஒரு பெட்டி இருக்கும் என்பது மட்டும் தெரியும். மேலங்கியை எடுத்து நம் மடியில் வைத்துக்கொள்ள அவ்வளவு அறிவு போதும்.