ஓதக் கணிப்பு

ஓதக் கணிப்பு என்பது, நிலவு, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பினால் கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்தை (வற்றுப்பெருக்கு) அளவீடுகளைக் கொண்டு மதிப்பிடும் முறையாகும். கரையோர ஓத அளவிகளும் செயற்கைக்கோள் உயரமானிகளும் இதற்குரிய தரவுகளைத் தருகின்றன.

கரையோர அளவிகள்

அளவியின் பழைய வடிவம், அலைகளின் ஆட்டம் எட்டாத குழாய்க் கிணற்றில் மிதக்கும் ஒரு மிதவையாகும். பின்னர் அழுத்த உணரிகளும் ரேடார் அளவிகளும் வந்தன. 1860களில் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) வகுத்த சீரிசைப் பகுப்பாய்வின்படி, ஓதம் என்பது பல சைன் அலைகளின் கூட்டுத்தொகை ஆகும். அவற்றின் அலைவுகாலங்களை வானியல் முன்னரே தந்துவிடுகின்றது. ஒவ்வோர் இடத்திலும் காண வேண்டியவை வீச்சும் கட்டமும் மட்டுமே. நிலவின் முதன்மைக் கூறான எம்2 இன் அலைவுகாலம் 12.42 மணி, சூரியனின் எஸ்2 இற்கு 12 மணி. மணிக்கொரு பதிவு இருந்தால், இவ்விரண்டையும் பிரித்தறிய ஏறத்தாழ 15 நாட்கள் போதும். ஆனால் அளவிகள் கரைகளிலும் தீவுகளிலுமே உள்ளன. ஆழ்கடல் ஓதம் நெடுங்காலம் பெரும்பாலும் ஊகமாகவே இருந்தது.

செயற்கைக்கோள் அளவீடு

1992 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட அமெரிக்க-பிரெஞ்சுச் செயற்கைக்கோள் டோபெக்ஸ்/போசைடன் இந்நிலையை மாற்றியது. 1336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு அது கடல்மட்டத்தை அளந்தது. ஆயினும் அது ஓரிடத்தின் மேல் மீண்டும் வர 9.9156 நாட்கள் ஆயின. அரை நாளில் முடியும் அலைவைப் பத்து நாட்களுக்கு ஒருமுறை பார்த்து எவ்வாறு அளப்பது?

அவ்விடைவெளியில் எம்2 சுமார் 19.16 முறை அலைகின்றது. முழு அலைவுகள் 19உம் செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தப்பிவிட, எஞ்சும் 0.16 மட்டுமே தெரிகின்றது. எனவே எம்2, 62 நாள் அலைவாகத் தோன்றுகின்றது. திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் மெல்லச் சுழல்வதாகத் தெரிவதும் இதே விளைவுதான். எஸ்2 இவ்வாறே 58.7 நாள் அலைவாகின்றது. கரையில் 15 நாட்களில் பிரியும் இவ்விரண்டும், ஒரே இடத்தின் பதிவில் பிரிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். நாளுக்கொருமுறை அலையும் கே1 இன் நிலை இன்னும் கடினம். அது 173 நாள் அலைவாகி, பருவகாலங்களால் ஏற்படும் அரையாண்டு மாற்றத்துடன் கலக்கின்றது. அதைப் பிரிக்க ஒன்பது ஆண்டுகள் வேண்டும். செயற்கைக்கோள் தடங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களின் தரவுகளைச் சேர்த்தால் இக்காலம் குறையும்.

பாதைத் தெரிவு

1991 இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 சூரிய ஒத்திசைவுப் பாதையில் சென்றது. ஓரிடத்தை அது எப்போதும் ஒரே சூரிய நேரத்தில் கடந்ததால், எஸ்2 இன் ஒரே கட்டத்தையே கண்டது. எத்தனை ஆண்டுகள் அளந்தாலும் அக்கூறு அசையாது நின்று, சராசரிக் கடல்மட்டத்தின் பகுதியாகவே தோன்றும். எந்தக் கணிதமும் அதை மீட்காது. இதனாலேயே டோபெக்ஸ்/போசைடனுக்கு 66 பாகை சாய்வுள்ள வேறு பாதை தெரிவு செய்யப்பட்டது. ஜேசன்-1 (2001), ஜேசன்-2 (2008), ஜேசன்-3 (2016), சென்டினல்-6 (2020) ஆகியவையும் அப்பாதையையே பின்பற்றின.

உலகக் கடல்மட்டம் 1993 முதல் சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ. இற்குச் சற்று மேல் உயர்ந்துள்ளது. ஓதமோ பல இடங்களில் மீட்டர்க் கணக்கில் ஏறி இறங்குவது. அதைச் சரியாகக் கழிக்காவிடில் சிறிய உயர்வை நம்பகமாகக் காண இயலாது.

இணைத்தல்

கரையோர அளவி நிலத்துடன் சேர்ந்து அசைகின்றது. செயற்கைக்கோளோ புவி மையத்தைச் சார்ந்து அளக்கின்றது. ஆகவே திண்ம நிலத்தின் ஓதத்தைச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கழித்த பின்னரே இரண்டையும் ஒப்பிடலாம். பிரான்சின் எஃப்இஎஸ், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிபிஎக்ஸ்ஓ போன்ற மாதிரிகள், நீரியக்கச் சமன்பாடுகளுடன் இத்தரவுகளைப் பிணைக்கின்றன. ஆழ்கடலில் இவை சில சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகின்றன. கரையருகே ரேடார் எதிரொலியில் நிலமும் கலப்பதால் பிழை மிகுகின்றது. அங்கு அளவியே இன்றும் நம்பத்தக்கது. 2022 இல் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், ஒற்றைக் கோட்டுக்குப் பதில் அகன்ற பட்டையாக அளந்து இவ்விடைவெளியைக் குறைக்கின்றது.