முடிவுக்கோட்டில் நீதி: மிதிவண்டிப் பந்தயமும் அதன் தண்டனை வரலாறும்

காஞ்சிபுரத்தில் 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்து, பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய அண்ணாதுரையின் பிறந்தநாளையொட்டி, மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் பள்ளி மாணவ மாணவியருக்கான மிதிவண்டிப் போட்டியைத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தி வருகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகளாக, 10 முதல் 20 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்குப் பொதுச் சாலையில் நடைபெறும் இப்போட்டியில் இந்தியாவில் செய்யப்பட்ட சாதாரண மிதிவண்டியை மட்டுமே ஓட்டலாம்; கியர் பொருத்திய வண்டிகளுக்கு இடமில்லை. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்த பின்னர் வீடுதோறும் பரவிய வண்டிவகை இதுவே ஆகும். நெசவாளர்கள் பட்டு நூலையும் ஜரிகையையும் கேரியரில் கட்டி எடுத்துச் சென்றதும், 2001-02ஆம் கல்வியாண்டில் தொடங்கி அரசு மேல்நிலை வகுப்பு மாணவியருக்கும் பின்னர் மாணவருக்கும் விலையின்றி வழங்கி வருவதும் இத்தகைய வண்டியைத்தான். பணமுள்ள வீட்டுப் பிள்ளை விலையுயர்ந்த வண்டியால் வெல்வதைத் தடுக்கும் இந்த விதி, போட்டி வகுத்தவர்களின் நியாய உணர்வுக்குச் சான்றாக நிற்கிறது.

ஆனால் வண்டிகள் சமமாக இருப்பதால் மட்டும் பந்தயம் நேர்மையாகிவிடாது. நெடுஞ்சாலைப் பந்தயத்தின் பெரும்பகுதியில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓட்டுகிறார்கள். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் பின்னால் வருபவரின் உழைப்பு பெருமளவு குறைகிறது. இதனால் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே கூட்டமாகக் கடைசிக் கிலோமீட்டர் வரை வந்துவிட, வெற்றி என்பது இறுதி 200 மீட்டர் அளவிலான பாய்ச்சலில் முடிவாகிறது. ஸ்பிரிண்ட் எனப்படும் இந்தப் பாய்ச்சலில் தொழில்முறை வீரர்கள் மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்தில், முழங்கை முழங்கையோடு உரசும் இடைவெளியில் செல்கிறார்கள். இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிப்பவர் கைப்பிடியை மாறி மாறி இழுப்பதால் வண்டி இருபுறமும் ஆடும். போட்டியாளர் எங்கே வருகிறார் என்று திரும்பிப் பார்த்தால், தோள் திரும்பிய பக்கத்துக்கே முன்சக்கரமும் சாயும். எனவே, ஒருவர் தம் பாதையை விட்டு விலகுவது வேண்டுமென்றே செய்ததா, வேகத்தில் தானாக நேர்ந்ததா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. ஸ்பிரிண்ட் தொடர்பான தண்டனைகளின் வரலாறு முழுவதும் இந்த இடத்தில்தான் தடுமாறியிருக்கிறது.

பிரான்சைச் சுற்றிவரும் டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903இல் தொடங்கியபோது நடுவர்களின் கவலை வேறாக இருந்தது. 1904ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரயிலேறியது முதலான முறைகேடுகள் மலிந்ததால், பந்தயம் முடிந்து பல மாதங்களுக்குப் பின், முதலிடம் பெற்ற மோரிஸ் காரேன் உள்ளிட்ட முதல் நான்கு பேரும் நீக்கப்பட்டு, 19 வயதே ஆன ஆன்றி கொர்னே வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். ஏமாற்றுவதைத் தண்டிப்பது ஒப்பீட்டளவில் எளிது. ரயிலில் ஏறியவர் தெரியாமல் ஏறினேன் என்று சொல்ல முடியாது. கூட்டப் பாய்ச்சலில் வரும் ஆபத்துக்கோ பல வேளைகளில் வீரர் அல்லாதவரும் காரணமாகிறார். 1994இல் ஆர்மந்தியேர் நகரில் முடிவுக்கோட்டருகே நின்ற காவலர் ஒருவர் படமெடுக்கும் முனைப்பில் தடுப்புக்கு முன்னால் நின்றுவிட, வில்பிரைட் நெலிசன் அவர்மீது மோதி விழ, லோரன் ஜலாபர் உள்ளிட்ட மற்றவர்களும் கடும் காயமுற்றார்கள்.

ஐயத்துக்கே இடமில்லாத குற்றங்களும் உண்டு. 1997இல் டாம் ஸ்டீல்ஸ் என்னும் பெல்ஜிய வீரர் பாய்ச்சலின் நடுவே சக வீரர்மீது தண்ணீர்க் குப்பியை வீசியதற்காகவும், 2010இல் மார்க் ரென்ஷா என்னும் ஆஸ்திரேலியர் தம் அணித் தலைவருக்கு வழியமைத்துக் கொடுக்கும்போது ஜூலியன் டீனைத் தலையால் மீண்டும் மீண்டும் முட்டியதற்காகவும் பந்தயத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். ரென்ஷாவின் செயலால் அன்று யாரும் விழவில்லை என்பது கருதத்தக்கது. செயல் தன்னளவிலேயே தவறாக இருந்தால், விளைவு நேரும்வரை நடுவர் காத்திருக்கத் தேவையில்லை என்னும் நெறி அங்கே பின்பற்றப்பட்டது.

அந்நெறி 2017இல் குலைந்தது. அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் வித்தேல் நகரில், அப்போதைய உலகச் சாம்பியன் பீட்டர் சகானுக்கும் தடுப்பு வேலிக்கும் இடையே புகுந்து முன்னேற முயன்ற மார்க் கேவண்டிஷ் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தார். சகானின் முழங்கை வெளியே நீண்டதைக் காட்டிய முதல் படங்கள் உலகெங்கும் பரவின. அவரை முதலில் தரவரிசையில் பின்னுக்குத் தள்ளிய நடுவர்கள், அன்று மாலையே பந்தயத்திலிருந்து நீக்கினார்கள். வேறு கோணங்களில் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள், முழங்கை நீளும் முன்பே கேவண்டிஷ் நிலைகுலையத் தொடங்கியிருந்தார் என்று வாதிட்டார்கள். விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்ற வழக்கு, அது வேண்டுமென்றே செய்யப்படாத விபத்து என்பதை ஒப்புக்கொண்ட உடன்பாட்டுடன் டிசம்பரில் முடிந்தது. பந்தயமோ ஜூலையிலேயே முடிந்துவிட்டது. இழந்த நாள்களைச் சகானுக்கு யாராலும் மீட்டுத்தர இயலவில்லை. ஒளிப்பதிவை ஆராய்வதற்கென்று தனி நடுவரை நியமிக்கும் முறை இதன் பின்னரே வந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்ட் 5ஆம் நாள், போலந்தின் கட்டோவிட்சே நகரில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. டிலன் குரூனவேகன் தம் பாதையிலிருந்து விலகிச் சக நெதர்லாந்து வீரரான ஃபாபியோ யாகோப்சனை வேலியோடு நெருக்க, வேலி சிதறிப் பறந்தது. மருந்தால் உணர்விழக்கச் செய்யப்பட்ட நிலையில் யாகோப்சன் மருத்துவமனையில் கிடந்தார். குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை விதிக்கப்பட்டது. அவர் பாதை மாறியது தவறு என்பதில் மறுப்பில்லை. எனினும் அந்த முடிவுக்கோடு இறக்கத்தில் அமைந்திருந்ததும், அங்கே வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரை எட்டுவதைப் பற்றி வீரர்கள் முன்பே முறையிட்டிருந்ததும், ஒன்றோடொன்று உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டிய வேலிகள் கழன்றதும் அதே விபத்தின் காரணங்கள்தாம். அதே வகையில் விலகி, யாரையும் வீழ்த்தாத வீரர்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படுவதோடு தப்பிவிடுவது வழக்கம். காயத்தின் அளவைக் கொண்டு தண்டனையை அளந்தால், நல்லூழ் உள்ளவரின் குற்றம் சிறிதாகவும் தீயூழ் வாய்த்தவரின் குற்றம் பெரிதாகவும் ஆகிவிடும், அது நீதியன்று.

இவ்விடத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை நினைவுகூர்வது பொருத்தமாகும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்வதையும், எவரெவர் அத்தகுதியை இழப்பர் என்பதையும் விரிவாகக் கூறுகின்றன. விலக்குக்கான காரணங்களை எல்லோரும் காணும் சுவரில் முன்கூட்டியே எழுதிவைத்ததும், முதல் ஏற்பாட்டில் கண்ட குறைகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தியதும் இன்றைய விளையாட்டு அமைப்புகள் கைக்கொள்ள வேண்டிய பண்புகள். அதேவேளை, பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் அக்கல்வெட்டு விலக்கியது. ஒருவர் பிழைக்கு மற்றவரைத் தண்டிக்கும் அந்தப் பகுதியை இன்று ஏற்க முடியாது.

உலக மிதிவண்டி ஒன்றியம் 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியுள்ள மஞ்சள் அட்டை முறை இத்திசையில் எடுத்துவைத்த அடியாகும். ஆபத்தான நடத்தைக்கு அட்டை தரப்படும். ஒரே பந்தயத்தில் இரண்டு அட்டை பெற்றவர் அதிலிருந்து நீக்கப்பட்டு 7 நாள் விலக்கப்படுகிறார். 30 நாளுக்குள் மூன்று பெற்றால் 14 நாளும், ஓராண்டில் ஆறு பெற்றால் 30 நாளும் விலக்கு. யாரும் விழாவிட்டாலும் தவறு பதிவாகிறது. திரும்பத் திரும்பச் செய்பவருக்கே சுமை ஏறுகிறது. வேலிகளைச் சரியாக அமைக்காத அமைப்பாளருக்கும் இதே தெளிவுடன் படிப்படியான தண்டனை எழுதப்படும்வரை இம்முறை பாதி நீதியாகவே இருக்கும்.

யாகோப்சன் 2021இல் மீண்டு வந்து ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்றார். 2022ஆம் ஆண்டு டூர் டி பிரான்சின் இரண்டாம் கட்டத்தை அவரும், மறுநாள் மூன்றாம் கட்டத்தைக் குரூனவேகனும் வென்றார்கள். தொழில்முறை வீரர்களுக்குத் தலைக்கவசமும் மருத்துவக் குழுவும் வழக்கறிஞரும் உண்டு. செப்டம்பரில் காஞ்சிபுரத்துச் சாலையில் சாதாரண வண்டியில் எழுந்து நின்று மிதிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இவை எல்லாம் கிடைப்பதில்லை. ஆகவே, இத்தகைய போட்டிகளை நடத்துவோர் முடிவுக்கோட்டை வளைவிலும் இறக்கத்திலும் வைக்காமல் அகன்ற நேர்சாலையில் வைக்க வேண்டும். பார்வையாளரைக் கோட்டிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். பாய்ச்சலைத் தொடங்கிய பாதையை விட்டு விலகிப் பிறர்க்கு இடையூறு செய்பவர், எவரும் விழாவிட்டாலும், பின்னுக்குத் தள்ளப்படுவார் என்பதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தொடக்கக்கோட்டிலேயே தமிழில் வாசித்துச் சொல்லிவிட வேண்டும்.