பெட்டிப் பலகை

பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் லயத்து வீட்டில் பெஞ்சு இருந்தது, மேசை இருந்தது, சாமி படங்கள் வைக்க மாடம் இருந்தது, தண்ணீர்க் குடத்துக்கு ஒரு முக்காலி இருந்தது. எல்லாமே அப்பா செய்தவை. அவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுபவர். தச்சுவேலையை யாரிடமும் முறையாகப் படித்தவரில்லை. அந்தச் சாமான்களில் ஒன்றுகூடப் பால்மரத்துப் பலகையால் ஆனதில்லை. நாலா பக்கமும் மரம் நின்ற இடத்தில் பலகைக்குப் பஞ்சம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மரம் பேராக்குக்கு வந்த கதை எல்லாரும் அறிந்ததுதான். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள், ஹியூ லோ பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்க கால மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி கட்டிக் காக்கப்படுகிறது. ஈப்போவிலிருந்து போகும் எவரும் பார்த்து வரலாம். அந்த வரலாறு முழுக்கப் பாலைப் பற்றியது. மரத்தின் உடம்பைப் பற்றி நூறு ஆண்டுகளாக யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரம் அடுப்புக்குப் போகும். அல்லது பால் ஷீட்டைப் புகை போடும் கூடத்தின் உலைக்குப் போகும். மறுநடவுக்கு நிதி திரட்ட 1952-இல் சட்டம் வந்த பிறகு பழைய தோட்டங்கள் வேகமாக அழிக்கப்பட்டன. அப்போது பல இடங்களில் மரத்தை வெட்டக்கூட இல்லை. அடிமரத்தில் சோடியம் ஆர்செனைட் என்ற நஞ்சைப் பூசி, நின்ற நிலையிலேயே சாக விட்டார்கள். 1967-இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலை, பால்மரக் கரியை எரித்தே இரும்பு உருக்கியது. இரும்பை உருக்கப் பயன்பட்ட மரம், ஒரு முக்காலி செய்யப் பயன்படவில்லை.

காரணம் மரத்துக்குள்ளேயே இருந்தது. தேக்கிலும் செங்காலிலும் நடுவில் கறுத்து இறுகிய வைரம் இருக்கும். பால்மரத்தில் அப்படி ஒரு வைரம் தனியாகத் தெரியாது. மரம் முழுக்க வெளுத்த சதை. அந்தச் சதையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்திருக்கும். வெட்டிய சில நாட்களில் நீலப் பூசணம் ஏறும். அதன்பின் துளைவண்டு வந்து மாவுச்சத்தைத் தின்னத் தொடங்கும். எங்கள் லயத்தில் யாரோ ஒருவர் பால்மரக் கிளையில் செய்த மணை ஒன்று என் நினைவில் இருக்கிறது. செய்தபோது சந்தன நிறத்தில் அவ்வளவு அழகு. அடுத்த தீபாவளிக்குள் அதன் அடியில் தினமும் மாவு கொட்டியது. கடைசியில் ஒரு கிழவி உட்கார்ந்ததும் அதன் கால் முறிந்தது. தோட்டத்து ஆள்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். அதனால் அந்த மரத்தை அவர்கள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

பலகை வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில் புகை போட்ட ஷீட்டை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் அடுக்கித்தான் கப்பலேற்றினார்கள். ஒரு பெட்டியில் 200 இராத்தலுக்கு மேல் இறங்கும். மெல்லிய ஒட்டுப்பலகை, ஓரங்களில் சட்டம், மூலைகளில் தகரப் பட்டை. வெனெஸ்டா என்ற கம்பெனியின் பெயர் அந்தப் பெட்டிகளோடு உலகம் முழுக்கச் சுற்றியது. தேயிலைக்கும் அதே மாதிரிப் பெட்டிதான். ஷாக்கிள்டன் 1907-இல் தென்துருவப் பயணம் புறப்பட்டபோது தன் சாமான்களை வெனெஸ்டா பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போனார். கேப் ராய்ட்ஸ் குடிசையில் குளிர்காலம் முழுக்க அடைந்து கிடந்த அவருடைய ஆள்கள், காலியான பெட்டிகளைப் பிரித்துத் தங்களுக்கு மேசையும் தட்டும் செய்துகொண்டார்கள். தாங்களே அச்சடித்த புத்தகத்துக்கு அந்தப் பலகையாலேயே அட்டையும் போட்டார்கள். அந்தச் செய்தி புத்தகங்களில் இடம் பிடித்துவிட்டது. குடிசையும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கி, அதே மாதிரிப் பெட்டியைப் பிரித்து, ஒரு முழு தலைமுறை தோட்டத் தமிழர்கள் தங்கள் வீட்டுச் சாமானைச் செய்துகொண்டார்கள். அதை யார் எழுதினார்கள்? எனக்கு இது ஒரு பெரிய குறையாகவே படுகிறது.

பெட்டி எல்லாருக்கும் கிடைத்துவிடாது. நல்ல பெட்டி ஷீட்டோடு கப்பலேறிப் போய்விடும். உடைந்தது, நனைந்து ஒட்டு விட்டது, தகரம் பிய்ந்தது ஆகியவைதான் ஸ்டோர் பக்கத்தில் ஒதுக்கப்படும். அதைக் கேட்டு வாங்க ஸ்டோர் கிராணியின் முகம் பார்க்க வேண்டும். தாத்தா அப்படி இரண்டு பெட்டி வாங்கி ஒரு கட்டில் செய்ததாக அப்பா சொல்வார். ஒட்டுப்பலகை உடம்பின் பாரத்தைத் தாங்காது என்பதால் சட்டங்களை மட்டும் எடுத்து, குறுக்கே நெருக்கமாக அடித்து, மேலே சாக்கை விரித்திருக்கிறார்.

போருக்குப் பிறகு அந்த வரத்தும் நின்றது. ஷீட்டையே மடித்து அழுத்தி, மேலேயும் ஷீட்டால் போர்த்தி, பெட்டியே இல்லாத பேலாக அனுப்பும் வழக்கம் நிலைபெற்றது. தோட்டத்து ஆள் பலகைக்குத் தோட்டக் கடையை நம்ப வேண்டியதாயிற்று. டின்பால் வந்த பெட்டி, சோப்பு வந்த பெட்டி, கருவாடு வந்த பெட்டி. எங்கள் மாடத்தின் பின்பலகையில் மழைக்காலத்தில் கருவாட்டு வாசம் கிளம்பும். அம்மா சாம்பிராணி போட்டுச் சமாளிப்பார்.

அப்பாவின் கருவிகளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கைத்தொழிலின் தன்மையே அதில்தான் இருக்கிறது. ஒரு கைவாள், ஒரு சுத்தியல், ஓர் உளி. இழைப்புளி கிடையாது, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டியே பலகையை வழுவழுப்பாக்குவார். மூலைமட்டத்துக்குப் பதில் என் சிலேட்டு. ஆணி புதிதாக வாங்கியதே இல்லை. பெட்டியிலிருந்து பிடுங்கிய வளைந்த ஆணிகளைக் கருங்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது பிள்ளைகளின் வேலை. என் இடது பெருவிரல் நகம் இன்றும் கோணலாக இருப்பது அதனால்தான். மேசையின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு ஓடும், நேராக, ஆழம் மாறாமல். தேய்ந்துபோன ஜெபோங் கத்தியால் போட்ட கோடு அது. பால் வெட்டும் அந்தக் கத்தியின் முனை மடங்கியிருக்கும். பட்டையை வெட்டும்போது உள்சதையில் பட்டுவிடாமல் ஒரே ஆழத்தில் இழுக்கத் தெரிய வேண்டும். விடியற்காலையில் மரத்தில் பழகிய கை மாலையில் மேசையில் அந்தக் கோட்டைப் போட்டது. அதுவரை எந்தத் தச்சுப்பட்டறையிலும் அந்தக் கருவி அந்த வேலைக்குப் பயன்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். மேசைமேல் விரித்த மெழுகுத்துணியையும் பாலைத் தடவித்தான் ஒட்டினார். சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர் ஊற்றிய பால் டின்களுக்குள் நிற்கும், எறும்பு ஏறாது.

ஆசாரிமார் தோட்டத்தில் இருந்தார்கள், சீனத் தச்சர்களும் குத்தகைக்கு வருவார்கள். அவர்கள் துரை பங்களாவையும் லயத்தின் கூரையையும் பார்த்துக்கொள்வார்கள். தொழிலாளி வீட்டுப் பெஞ்சு அவர்கள் கணக்கில் இல்லை. கூலி கொடுத்துச் செய்துகொள்ளவும் கையில் காசு இருக்காது. ஆனால் காசு இல்லாமையை மட்டும் காரணமாகச் சொன்னால் அப்பாவைச் சரியாகப் புரிந்துகொண்டதாகாது. ஈப்போவில் பழைய சாமான் கடையில் சில வெள்ளிக்கு ஒரு நாற்காலி வாங்கியிருக்கலாம். ஒருமுறை அம்மா அப்படிக் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை: “வீடு தொரையோடது. பெஞ்சு நம்மோடது.”

அந்தச் சொல்லின் பாரம் பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. லயத்து வீட்டில் சுவர் நம்முடையதில்லை, கூரை நம்முடையதில்லை. வேலை போனால் வீடும் போகும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, மாலையானால் ஊரடங்கு. எங்கள் வீட்டுப் பெரிய பெஞ்சு அந்த ஊரடங்கு மாலைகளில் செய்தது. வெளியே போக முடியாத நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் அப்பா பலகையைச் சுரண்டிக்கொண்டிருப்பாராம்.

அவசரகாலம் முடிவதற்குள் வேறொரு பயம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன், அவரும் சுங்கை சிப்புட்காரர், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்குவது திட்டம். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பலருக்கு அது கைகொடுத்தது, எல்லாருக்கும் எட்டவில்லை. துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து லாரிகள் போனபோது பாத்திர மூட்டைகளுக்கு மேலே கால் மேலாகக் கவிழ்த்து வைத்த பெஞ்சுகளைச் சிறுவனாக நான் சடக்கோரம் நின்று பார்த்திருக்கிறேன். வீட்டை விட்டுப்போனார்கள், செய்த சாமானை விட்டுப்போகவில்லை.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பல்லாயிரம் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். பெரியப்பாவும் போனார். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறுவதற்கு முன் அவரும் அப்பாவும் உட்கார்ந்து ஒரு பெரிய பெட்டி செய்தார்கள். அவர்கள் சிறுவயதில் பெட்டியைப் பிரித்துச் சாமான் செய்தார்கள். இப்போது கட்டிலைப் பிரித்துப் பெட்டி செய்தார்கள். தாத்தாவின் கட்டில் அது. நாகப்பட்டினத்தில் இறங்கி, தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் அது நெல் கொட்டி வைக்கப் பயன்பட்டதாகக் கடிதம் வந்தது.

மரத்தின் கதை இந்த இடத்தில்தான் திரும்புகிறது. காட்டு மரம் குறைந்துவருவதைக் கண்ட கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் பால்மரத்தைக் கையிலெடுத்தது. மரத்தை வீழ்த்திய சில நாட்களுக்குள் அறுக்க வேண்டும். பலகையை இரும்பு உருளைக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு ஏற்ற வேண்டும். பிறகு சூளையில் காயவைக்க வேண்டும். வண்டும் பூசணமும் அண்டாது. அடிமரம் குட்டை, கத்திக் காயம் வேறு, அதனால் நீளப் பலகை கிடைக்காது. துண்டுகளின் முனையை விரல் கோத்தது போல வெட்டி ஒட்டி நீளமாக்கினார்கள். 1980-களில் தொழிற்சாலைகள் பெருகின. பின்னர் மலேசியா ஏற்றுமதி செய்த மரச்சாமான்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு பால்மரம் என்று சொல்லும் நிலை வந்தது. ஜொகூரின் மூவார் அதற்குப் பேர் போன ஊரானது.

அதே ஆண்டுகளில்தான் தோட்டங்களும் கலைந்தன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. செம்பனைத் தண்டு வெறும் நார். வீட்டில் இருந்து வேலை செய்கிறவனுக்கு அதில் ஒரு பலகை தேறாது. அந்த மரத்தோடு நான்கு தலைமுறை வாழ்ந்தவர்கள் புந்தோங்குக்கும் கிள்ளானுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போன பிறகு, அந்த மரம் வரவேற்பறை மேசையாக உலகம் சுற்றுகிறது. எங்கள் ஆள்களில் பலர் அந்த மேசையைக் கடையில் தவணைக்கு வாங்கினார்கள். இதில் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் புந்தோங்கில் வீட்டு முன்தாழ்வாரத்தில் அப்பாவின் வாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருந்து ஏற்றிய பால்மரப் பலகை ஈப்போ பலகைக் கடைகளில் கிடைக்கிறது. அறுக்க மென்மை, ஆணி பிடிக்கும், மெருகு நன்றாக ஏறும். முதலில் செய்தது ஒரு பெஞ்சு, அளவு அப்பாவுடையது. இழைப்புளியும் டிரில்லும் வைத்திருக்கிறேன், ஆனாலும் விளிம்பைக் கண்ணாடியால் சுரண்டித்தான் முடித்தேன். பேரப்பிள்ளைகள் அதில் உட்கார்ந்து பசியாறுகிறார்கள். ஒரு மரம் தன் உடம்பில் ஆயிரக்கணக்கான வெட்டு வாங்கியது என்பதை அந்தப் பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொழிற்சாலை அந்தப் பகுதியை ஒதுக்கிவிடும்.

ஈப்போவிலோ, தெலுக் இந்தானிலோ, கோலகங்சாரிலோ யார் வீட்டிலாவது லயத்திலிருந்து வந்த பழைய பெஞ்சோ மாடமோ இருந்தால், விறகுக்குப் போடும் முன் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு மையில் தோட்டத்தின் பெயரும் ஷீட்டின் ரகமும் அச்சாகியிருந்தால் அது ஷீட் கப்பலேறிய பெட்டிப் பலகை. பால் டின்னின் படமோ சோப்பின் பெயரோ இருந்தால் கடைப் பெட்டி. ஒரு படம் எடுத்து, எந்தத் தோட்டம், யார் செய்தது, எந்த ஆண்டு வாக்கில் என்பதை வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு அதன் பின்னால் எழுதிவையுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது.